இல்தாவின் சீழ்க்கை

மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு காலையில் ஓர்ஃபா மண்டை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள். ஒரு கையில் துடைப்பம். மார்போடு சேர்த்துக் கட்டிய துணிக்குள் கைக்குழந்தை இல்தா. கேட்டால் பெருக்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தாள். பெருக்குவதற்காக அவள் வரவில்லை என்பது அந்தத் துடைப்பத்துக்கே தெரியும்.

மண்டை வீடு ஊரின் கடைசியில், ஓடை வளைகிற இடத்தில் இருந்தது. முன்னே பள்ளிக்கூடமாக இருந்த கட்டடம். பனையோலைக் கூரை, ஆளுயரக் கால்கள் மேல் பலகைத் தரை. ஊரில் யார் எந்த மிருகத்தை வேட்டையாடினாலும் அதன் மண்டையோட்டை வேகவைத்துச் சுத்தம் பண்ணி, தாடை எலும்பில் தன் குறியை வெட்டி, இங்கே அடுக்கில் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். சான் எலெயுத்தேரியோ ஊரார் கூடிப் போட்ட சட்டம் அது. இக்கித்தோஸ் பட்டணத்திலிருந்து படித்தவர்கள் வந்து பல்லைப் பார்த்தே வயசு சொல்வார்கள். பல் தேய்ந்த கிழடுகளாக இருந்தால் காட்டுக்குக் கவலை இல்லை. இளசுகளாக இருந்தால் கிழடாகிற வரைக்கும் நாம் எதையும் விட்டுவைக்கவில்லை என்று அர்த்தம், அப்புறம் கொஞ்ச காலத்துக்கு எல்லாரும் மீனைத் தின்ன வேண்டியதுதான்.

ஒரு மண்டை மட்டும் அந்த வீட்டில் இருக்கவே கூடாது. சாச்சவாக்கா. காட்டுப் பசு என்று பேரே தவிரப் பசுவுமில்லை, பன்றியுமில்லை. தும்பிக்கையாக வளர ஆரம்பித்துப் பாதியில் மனசு மாறின மாதிரி ஒரு மூக்கு. எப்போதோ ஒரு தடவைதான் குட்டி போடும், அதுவும் ஒன்றே ஒன்று. அதனால் சாச்சவாக்காவைச் சுடக் கூடாது, அவை சேறு நக்க வருகிற உப்புச்சேற்றுப் பக்கம் துப்பாக்கியோடு காலெடுத்து வைக்கவே கூடாது. மீறினவனுக்கு அதோடு காடு கிடையாது.

"என்ன மகளே, பச்சைப் பிள்ளைக்காரி, உனக்கு என்ன தலையெழுத்து பெருக்கணும்னு?" வாசல் ஊஞ்சலில் கிடந்தபடி தோன் நெப்தாலி கேட்டார். வேட்டைச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர், மண்டை வீட்டுக்குக் காவலும் அவரே.

"வீட்டுல உக்காந்து உக்காந்து முதுகு வலிக்குது. அதான்."

"உன் வீட்டத்தான் நீ பெருக்கறதில்லையாம். உன் புருஷன் சொன்னான்."

"அவன் என்ன வேணா சொல்லுவான்" என்றாள் ஓர்ஃபா. அவள் குரலில் இருந்த காரத்தைக் கேட்டு அவர் ஊஞ்சலை நிறுத்தினார்.

அந்த நேரம் பார்த்துத் துணிக்குள் இருந்த இல்தா சத்தம் போட்டது.

அழுகை இல்லை. மெல்லிசாக, நீளமாக, நுனியில் கொஞ்சம் வளைகிற ஒரு சீழ்க்கை.

தோன் நெப்தாலியின் முகம் செத்துப்போனது. அந்தக் காட்டில் பிறந்த யாருக்கும் அந்தச் சத்தத்தைத் தெரியும். தாய் சாச்சவாக்கா குட்டியைத் தேடும்போதும், குட்டி பதில் சொல்லும்போதும் வருகிற சத்தம் அது.

"எத்தனை நாளா?" என்று கிசுகிசுத்தார்.

"பொறந்ததுலேர்ந்து. ஒரு தடவ கூட அழல, தாத்தா. பசிச்சாலும் இதுதான், ஈரமானாலும் இதுதான். நாளுக்கு நாள் இளைக்குது. பால் குடிக்கிறதை விட்டுட்டு மூக்கால மோந்து மோந்து பாக்குது." அதுவரை இழுத்துப் பிடித்திருந்த அழுகை அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

அதற்கு மேல் விளக்க வேண்டிய அவசியம் இல்லை, ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் சில மிருகங்களைத் தொடவே கூடாது. கொன்றாலும் தின்றாலும் அந்த மிருகம் வந்து பிள்ளையைப் பிடிக்கும். பிடித்தால் ஒரே வழிதான். அதே மிருகத்தின் மயிரையோ எலும்பையோ கனலில் போட்டு அந்தப் புகையில் பிள்ளையைக் காட்ட வேண்டும். அதே மிருகம். வேறு சாச்சவாக்காவின் எலும்பு உதவாது.

"அர்த்திதோரோவைக் கேட்டியா?"

"சத்தியம் பண்றான். துப்பாக்கி மேல, செத்துப்போன அவங்கம்மா மேல, எல்லாத்து மேலயும் பண்றான். அவ்வளவு சத்தியம் பண்ணறவன நம்பச் சொல்றீங்களா?"

கிழவர் எழுந்து படியோரம் வந்து கீழே கைகாட்டினார். வீட்டின் கால்களுக்கு நடுவே ஈர மண்ணில் தடங்கள் இருந்தன. முன்னங்காலுக்கு நாலு விரல், பின்னங்காலுக்கு மூன்று விரல். பெரிய உருப்படி.

"தினம் காலைல இது இருக்கு. எவனோ என்னைப் பைத்தியக்காரன் ஆக்கறான்னு நெனச்சேன். செத்த மிருகத்தோட காலை வெட்டி வச்சுக்கிட்டு மண்ணுல அழுத்திட்டுப் போறான்னு."

"ஏன் அப்படி நெனச்சீங்க?"

"வந்த தடம் இருக்கு. போன தடம் இல்ல."

ஓர்ஃபா குனிந்து பார்த்தாள். காட்டிலிருந்து வந்த தடங்கள் நேரே வீட்டுக்கு அடியில் போய், ஒரே இடத்தில் மிதித்து மிதித்து, அங்கேயே முடிந்திருந்தன.

அவள் உள்ளே போனாள். அடுக்கடுக்காக மண்டைகள். கோரைப்பல் நீண்ட காட்டுப்பன்றிகள், முன்பல் வளைந்த, பெருத்த எலி மாதிரியான மஹாஸ்கள், கொம்பு முளைத்த மான்கள். எல்லாம் வெளுத்து, காய்ந்து, சுண்ணாம்பு வாடை அடித்தன. தடங்கள் முடிந்த இடத்துக்கு நேர் மேலே இருந்த மூலைக்கு வந்ததும் வாடை மாறியது. பால் வாடை. புளித்த பால் இல்லை, அப்போதுதான் குடித்துவிட்டு ஏப்பம் விட்ட பிள்ளையின் வாயில் அடிக்குமே, அந்த வாடை.

கடைசி அடுக்கில், பன்றி மண்டைகளுக்குப் பின்னால் கைவிட்டுத் துழாவினாள். சின்னதாக ஒன்று அகப்பட்டது. மூக்கெலும்பு தூக்கி நின்ற சாச்சவாக்கா குட்டியின் மண்டை. பால்பல் கூட முழுசாக முளைக்கவில்லை.

அதன் வாய்ப்பக்கம் ஈரமாக இருந்தது.

தாடையைத் திருப்பினாள். இரண்டு கோடு, நடுவே ஒரு குறுக்குவெட்டு. அவள் புருஷன் அர்த்திதோரோவின் குறி.

துணிக்குள்ளிருந்து இல்தா சீழ்க்கையடித்தது. பலகைக்கு அடியிலிருந்து, அவள் பாதத்துக்கு நேர் கீழேயிருந்து, கனமான ஒரு சீழ்க்கை பதில் சொன்னது.

அவள் எப்படிப் படியிறங்கினாள் என்பது அவளுக்கே தெரியாது. துடைப்பம் அங்கேயே கிடந்தது.

*

அர்த்திதோரோ வீட்டில் வலை பின்னிக்கொண்டிருந்தான். ஓர்ஃபா மண்டையை அவன் மடியில் போட்டாள்.

"இதுவும் உங்கம்மா மேல சத்தியமா?"

அவன் அதைத் தூக்கிப் பார்த்தான். அவன் முகத்தின் நிறம் மாறியது. "இது எங்கே இருந்துச்சு?"

"நீ ஒளிச்சு வச்ச எடத்துல. பொய் சொன்னியேய்யா! காடு போயிடும்னு பயந்து பெத்த பிள்ளைய சாகவிட்டியே!"

"ஓர்ஃபா, நான் இதைக் கொல்லல."

"குறி தானா மொளச்சுதா?"

"குறிய எவன் வேணா வெட்டலாம். நல்லாப் பாரு. என் குறுக்குவெட்டு சாஞ்சு இருக்கும், நான் இடதுகைக்காரன். இது நேரா இருக்கு." அவன் கத்தியை எடுத்து வலைக்கட்டையில் தன் குறியைப் போட்டுக் காண்பித்தான். சாய்ந்துதான் இருந்தது. அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை ஓர்ஃபா. வேண்டுமென்றே நேராகப் போட்டிருப்பான் என்று அவள் மனசு உடனே சொன்னது. பத்து வருஷம் கூட வாழ்ந்தவன் முகத்தை வேற்றாள் முகத்தைப் பார்ப்பதுபோல உற்றுப் பார்த்தாள். சந்தேகம் வந்துவிட்டால் புருஷன் மூக்கு கூடப் புதுசாகத்தான் தெரியும்.

அவனும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் கொல்லல. ஆனா தின்னிருக்கலாம்" என்றான் மெதுவாக. "நீ மாசமா இருந்தப்ப, கடைசி மாசம், கறி வந்துச்சே. கருக்கப் புகை போட்ட மான் கறி. நாக்குல வச்சதுமே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. மான்ல ஏது அவ்வளவு கொழுப்பு? மச்சினன் ஆசையா கொண்டாந்தானேன்னு முழுங்கிட்டேன்."

அந்தக் கறியை வாங்கி, மரவள்ளிக்கிழங்கோடு சமைத்துப் போட்டது ஓர்ஃபாதான். கொண்டுவந்தவன் லிசார்தோ. அவள் கூடப்பிறந்த தம்பி.

*

லிசார்தோ துறையில் கணுக்கால் தண்ணீரில் நின்று படகின் மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஊரிலேயே வாய் நீளமானவன், சட்டையில் எண்ணெய் இல்லாத இடமே கிடையாது.

"வாங்க வாங்க, ராஜா ராணி ஊர்வலமா? அக்கா, இவன் முகமென்ன மழைல நனைஞ்ச கோழி மாதிரி..."

ஓர்ஃபா மண்டையை நீட்டினாள். அவன் கையிலிருந்த திருப்புளி தண்ணீரில் விழுந்தது. அதற்குப் பிறகு அவன் என்ன மறுத்தும் பிரயோசனம் இல்லை.

"எம்பேர் ஏற்கனவே ரெண்டு தடவ அடிபட்டிருக்கு, அக்கா. இன்னொண்ணுன்னா தொலைச்சிடுவாங்க. மச்சான் பேர்ல இருந்தா, கண்ணுல பட்டாலும் நெப்தாலி கிழவன் ஏதோ தப்பு நடந்துபோச்சுன்னு விட்டுடுவான்னு..."

"மண்டைய ஆத்துல போட்டுத் தொலைக்கறதுதானே, மடையா!" என்றான் அர்த்திதோரோ.

"போட்டேன் மச்சான். மூணு தடவ போட்டேன். காலைல என் படகுக்குள்ள கெடந்துச்சு. அதுக்கப்புறம்தான் மண்டைங்களோட மண்டையா அங்கே கொண்டுபோய் வச்சேன்."

எப்படிக் கொன்றாய் என்று ஓர்ஃபா கேட்டாள். அவன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னான். உப்புச்சேற்றுக்குப் பக்கத்தில் மறைந்துகொண்டு, உதட்டைக் குவித்துத் தாய் மாதிரியே சீழ்க்கையடித்தானாம். கோடும் புள்ளியுமாக இருந்த குட்டி புதருக்குள்ளிருந்து துள்ளிக்கொண்டு ஓடிவந்து அவன் முழங்காலை முட்டியதாம்.

"வீடு வர்ற வழி பூரா பின்னாலயே சீட்டி சத்தம். திரும்பிப் பாத்தா ஒண்ணுமில்ல. இப்பவும் விடல, அக்கா. என் குடிசைக்குப் பின்னால தெனமும்..."

ஓர்ஃபா அவனை ஓங்கி அறைந்தாள். துணிக்குள் இருந்த இல்தா மாமன் குரல் வந்த திசையில் மூக்கை நீட்டி மோப்பம் பிடித்தது. அதைப் பார்த்ததும் அவன் தண்ணீருக்குள்ளேயே இரண்டடி பின்வாங்கினான்.

*

மண்டை கிடைத்துவிட்டது, மிருகம் இதுதான் என்றும் தெரிந்துவிட்டது. இனிமேல் எதற்குத் தாமதம் என்று அவர்கள் அன்றைக்கே புகை போட்டார்கள்.

உச்சிப்பொழுது. ஆனால் மழை கட்டிக்கொண்டு வந்ததில் வீட்டுக்குள் இருட்டு நிறைந்திருந்தது. தவளைகள் கூடச் சத்தம் போடவில்லை. அர்த்திதோரோ மண்சட்டியில் கனலை அள்ளிவந்து தரை நடுவில் வைத்தான். குட்டியின் தாடையை உடைத்து நொறுக்கினான். ஓர்ஃபா இல்தாவின் துணியை அவிழ்த்தாள். விலா எலும்பெல்லாம் தெரிந்தது. பெற்றவள் கண்ணால் பார்க்கக் கூடாத உடம்பு.

"இது போகலன்னா?" என்றாள்.

"போகும். போடு."

எலும்புத்தூள் கனலில் விழுந்தது. முதலில் முடி கருகின வாடை. அப்புறம் அதற்குள்ளிருந்து பால் வாடை எழுந்து வீடு முழுக்கப் பரவியது.

இல்தா சீழ்க்கையடித்தது.

வீட்டுக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

அர்த்திதோரோ துப்பாக்கியை எட்டி எடுத்தான். ஓர்ஃபா அவன் கையைப் பிடித்து அமுக்கினாள். பலகை இடுக்குகள் வழியாகக் கீழே பார்க்க அவனுக்குத் தைரியம் வரவில்லை, அவளுக்கும்தான். ஏதோ ஒன்று வீட்டின் காலில் உடம்பைத் தேய்த்தது. வீடு லேசாக ஆடியது. பலகைக்கு அடியில் ஒரு மூக்கு ஊர்ந்து போகிற சத்தம், ஈரமாக, ஒவ்வொரு இடுக்காக உறிஞ்சி உறிஞ்சி முகர்ந்துகொண்டே, நேரே கனல் சட்டிக்குக் கீழே வந்து நின்றது.

"இன்னும் கொஞ்சம் போடு" என்று கிசுகிசுத்தாள்.

அவன் மிச்சமிருந்ததை எல்லாம் கொட்டினான்.

புகை கூரைக்கு ஏறவில்லை.

தரையோடு படிந்து, இடுக்குகள் வழியாகக் கீழே இறங்கியது. யாரோ அடியில் வாய் வைத்து இழுக்கிற மாதிரி இறங்கியது. ஓர்ஃபாவின் கையில் இருந்த பிள்ளை ஒரு தடவை விறைத்தது. கொஞ்சம் கனம் குறைந்தது போல இருந்தது, அப்புறம் பழைய கனம் வந்தது.

கீழே சேற்றில் கால்கள் நடக்கும் சத்தம் கேட்டது. பெரிய கால்கள். அவற்றோடு சேர்ந்து, குடுகுடுவென்று, சின்னக் கால்கள்.

சத்தம் காட்டுப் பக்கம் போய் அடங்கியது.

இல்தா வாயைத் திறந்தது. வீறிட்டு அழுதது.

ஆகா, அந்த அழுகை! தொண்டை கிழிய, முகம் சிவக்க, எந்த வீட்டிலும் எந்தப் பிள்ளையும் அழுகிற சாதாரண அழுகை. அர்த்திதோரோ துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு அவனும் சேர்ந்து அழுதான். ஓர்ஃபா சிரித்தாள், புரையேறியது, மறுபடி சிரித்தாள். எதிர்வீட்டுக்காரி மழையில் நனைந்துகொண்டே ஓடிவந்து என்ன என்று கேட்டதற்கு, "எம்புள்ள அழுவுதுடீ!" என்று கத்தினாள்.

*

அதற்கப்புறம் எல்லாம் நல்லபடியாகவே நடந்தது. லிசார்தோ ஊர்க்கூட்டத்தில் தானாகவே எழுந்து ஒத்துக்கொண்டான். அவன் துப்பாக்கியை வாங்கிப் பூட்டினார்கள், அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அவன் குடிசைக்குப் பின்னால் சத்தம் நின்றுபோயிருந்தது, அது போதும் என்றான். மண்டை வீட்டின் அடியில் தடங்கள் விழுவதும் நின்றது. தோன் நெப்தாலி ஓர்ஃபாவின் துடைப்பத்தைக் கொண்டுவந்து கொடுத்து, இனி உன் வீட்டையாவது பெருக்கு என்று கேலி பண்ணிவிட்டுப் போனார்.

இல்தா கொழுகொழுவென்று ஆனது. நன்றாகத் தூங்கியது, யார் தூக்கினாலும் சிரித்தது. ஊரே மெச்சிய பிள்ளை. ஓர்ஃபாதான் ஒன்றைச் சொல்லாமல் மென்று முழுங்கிக்கொண்டிருந்தாள். புகை போட்ட நாளிலிருந்து அது வாய் வைத்தால் அவளுக்குப் பால் சுரப்பதில்லை. சொட்டுச் சொட்டாகத்தான் வரும். வாழைப்பழத்தை வேகவைத்துக் கரைத்துக் கொடுத்தால் அது பேசாமல் குடித்துக்கொள்ளும், அடம் பிடிக்காது. பயத்தில் பால் வற்றியிருக்கும் என்று எதிர்வீட்டுக்காரி சொன்னாள். இருக்கும் என்று ஓர்ஃபாவும் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் பிள்ளை தூங்கும்போது அதன் விரலை எண்ணிப் பார்ப்பாள். காதுக்குப் பின்னால் மோந்து பார்ப்பாள். பெற்ற பிள்ளையைத் திருடிபோல ஒளிந்து நின்று பார்ப்பாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அந்தச் சரிதான் அவளை உறுத்தியது.

ஒரு நாள் பிற்பகல், வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வாசலில் உட்கார்ந்து அவள் மரவள்ளிக்கிழங்கு தோலுரித்துக்கொண்டிருந்தாள். அர்த்திதோரோ மீன் கழுவிக்கொண்டிருந்தான்.

உப்புச்சேற்றுப் பக்கமிருந்து, வெகு தூரத்திலிருந்து, ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

கத்தி அவள் கையிலேயே நின்றது.

"பறவை ஏதோ" என்றான் அர்த்திதோரோ தலை தூக்காமல். ஆனால் மீன் கழுவுகிற கையை நிறுத்திவிட்டான்.

அழுகை மறுபடி கேட்டது. பசித்த அழுகை, தூக்கிக்கொள் என்கிற அழுகை. ஓர்ஃபாவின் மாரில் சுருக்கென்று ஊசி குத்தியது, நெஞ்சு கனத்தது. குனிந்து பார்த்தாள். சட்டை முன்பக்கம் நனைந்து, பால் மடியில் சொட்டி, உரித்த கிழங்கின் மேல் வழிந்துகொண்டிருந்தது. அத்தனை நாளும் எங்கேயோ தேங்கி நின்ற பால் அவ்வளவும் ஒரே நேரத்தில் வந்தது.

புகை போட்டால் உள்ளே இருப்பது வெளியே போகும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். உள்ளே இருக்கிற இரண்டில் எது போகும் என்று அவளும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை.

அவள் எழுந்தாள். படியிறங்கிக் காட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

"ஓர்ஃபா! எங்க போற?" அர்த்திதோரோ கத்தினான். "பிள்ள இங்கதானே இருக்கு!"

அவள் திரும்பி வீட்டைப் பார்த்தாள். ஊஞ்சல் துணியின் விளிம்புக்கு மேல் அந்தச் சின்ன முகம் தெரிந்தது. அது தூங்கவில்லை, அழவுமில்லை. அவளைப் பார்க்கவுமில்லை. மூக்கைக் காற்றில் தூக்கி, அழுகை வந்த திசையைக் கவனமாக மோந்துகொண்டிருந்தது.